பவர் எலக்ட்ரானிக்ஸ் லேப் கிட்: வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

இஇஇ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரிங்) துறைகளில் பவர் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்குக் கிட் வாங்குவது பெரும்பாலும் சிலபஸ் பட்டியலை வைத்துத்தான் நடக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் வந்த இஇ8661 லேபை எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் (ஆர்), ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் (ஆர்சி), யூஜேடி (யூனிஜங்ஷன் ட்ரான்சிஸ்டர்) மூலம் கேட் பல்ஸ், எஸ்சிஆர் (கேட்டில் பல்ஸ் கொடுத்தால் ஆன் ஆகும் செமிகண்டக்டர் ஸ்விட்ச்) குணவியல்பு, ட்ரான்சிஸ்டர் வகை ஸ்விட்சுகளான மாஸ்ஃபெட்டும் ஐஜிபிடியும், ஏசியை டிசியாக்கும் ஹாஃப் கன்ட்ரோல்டு, ஃபுல்லி கன்ட்ரோல்டு கன்வெர்ட்டர்கள், டிசி வோல்டேஜைக் குறைக்கும், கூட்டும் ஸ்டெப் டவுன், ஸ்டெப் அப் சாப்பர், இன்வெர்ட்டர், ஏசி வோல்டேஜ் கன்ட்ரோலர் என்று வரிசை போகும். விற்பவர்களும் அதே வரிசையில் சோதனைக்கு ஒரு பெட்டி என்று கொட்டேஷன் தருகிறார்கள். முகப்பில் அச்சடித்த சர்க்யூட் படம், சில பனானா சாக்கெட்டுகள், ஒரு பாட் (திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), ஒரு டிஜிட்டல் மீட்டர். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வகை பேனல் கிட் செட் மாணவருக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது, எதை மறைக்கிறது என்பதைச் சோதனை வாரியாக இங்கே பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எஸ்சிஆர் சார்ந்த கிட்களைத் தயங்காமல் வாங்கலாம். சாப்பர் கிட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண். அதை லேபிலேயே திறந்த போர்டாகச் செய்துகொள்வது நல்லது. இன்வெர்ட்டர் கிட் வாங்கித்தான் ஆகவேண்டும், ஆனால் சில நிபந்தனைகளோடு.

யூஜேடி ஃபயரிங் கிட்டில் குறை சொல்ல அதிகமில்லை. 2என்2646 யூஜேடி, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 100 கிலோஓம் பாட், பல்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான் சர்க்யூட். ஸ்டேண்ட்ஆஃப் ரேஷியோ (சப்ளையில் எந்தப் பங்குக்கு ஏறும்போது யூஜேடி ஆன் ஆகும் என்பது) 0.63 பக்கம் இருந்தால் பல்ஸ் இடைவெளி கிட்டத்தட்ட ஆர் பெருக்கல் சி. அதாவது 10 கிலோஓமுக்கு 1 மில்லிசெகண்ட், 100 கிலோஓமுக்கு 10 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸ் அரைச்சுற்றும் 10 மில்லிசெகண்ட்தான் என்பதால் பாட்டைத் திருப்பத் திருப்ப ஃபயரிங் ஆங்கிள் (அரைச்சுற்றில் எஸ்சிஆர் ஆன் ஆகும் இடம், ஆல்ஃபா) 18 டிகிரியிலிருந்து 180 வரை நகர்வதை ஆசிலோஸ்கோப்பில் (ஸ்கோப்) அப்படியே பார்க்கலாம். ஆனால் 2என்2646க்கு டேட்டாஷீட் தரும் ரேஷியோ 0.56 முதல் 0.75 வரை. ஆகவே யூஜேடியைக் கழற்றி வேறொன்று போட்டால் அதே ரெசிஸ்டருக்கு இடைவெளி 0.82 மடங்கிலிருந்து 1.39 மடங்கு வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. யூஜேடி சாக்கெட்டில் இருக்கும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

இதில் வழக்கமாக வரும் கோளாறுகள் இரண்டு. பாட்டைக் கடைசி வரை குறைத்தால் பல்ஸ் நின்றுபோகிறது என்பது முதலாவது. யூஜேடி ஆஃப் ஆக எமிட்டர் கரண்ட் இறங்க வேண்டிய எல்லையான வேலி கரண்ட் (valley current) குறைந்தபட்சம் 4 மில்லிஆம்பியர். அதற்கு மேல் எமிட்டரில் கரண்ட் பாய்ந்துகொண்டே இருந்தால் யூஜேடி ஆஃப் ஆகாது, கெப்பாசிட்டர் மறுபடி சார்ஜ் ஆகாது. 18 வோல்ட் ஜீனர் இருக்கும் சர்க்யூட்டில் பாட்டுக்குத் தொடராக 4.7 கிலோஓம் இருந்தால் கரண்ட் 3.4 மில்லிஆம்பியரில் நின்றுவிடும், சிக்கல் தீர்ந்தது. இரண்டாவது கோளாறில், பல்ஸ் மெயின்ஸ் அலையோடு ஒட்டாமல் ஸ்கோப்பில் நகர்ந்துகொண்டே இருக்கும். சப்ளை சுத்தமாக இருக்கட்டும் என்று யாரோ ஜீனருக்குக் குறுக்கே ஒரு ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சேர்த்திருப்பார்கள். ஜீனர் வோல்டேஜ் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் சுழியத்துக்கு விழுவதுதான் இந்தச் சர்க்யூட்டுக்குச் சிங்க்ரனைசேஷன். அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றினால் போதும்.

எஸ்சிஆர் குணவியல்பு கிட்டில் மீட்டரைக் கவனியுங்கள். பிடி151 எஸ்சிஆருக்கு ஹோல்டிங் கரண்ட் (ஆனிலேயே நிற்கத் தேவையான குறைந்தபட்சம்) வழக்கமாக 7 மில்லிஆம்பியர் அளவில் இருக்கும், அதிகபட்சம் 20. லேட்சிங் கரண்ட் (கேட்டை விட்ட பிறகும் ஆனில் நிலைக்க முதலில் தேவையானது) அதிகபட்சம் 40. பேனலில் 2 ஆம்பியர் ரேஞ்சில் மூன்றரை டிஜிட் மீட்டர் பொருத்தியிருந்தால் அது 1 மில்லிஆம்பியர் படிகளில்தான் காட்டும். 7ஐ அளக்க அது போதாது. ஆனோடு சர்க்யூட்டில் 0–50 மில்லிஆம்பியர் எம்சி (மூவிங் காயில்) மீட்டரைத் தனியாக இணைக்க வழி இருக்க வேண்டும். லேட்சிங் அளக்கும்போது ஒவ்வொரு படியிலும் கேட்டைத் தொட்டு விடவேண்டும். விட்ட பிறகும் எஸ்சிஆர் ஓடினால்தான் அது லேட்சிங். கேட் சப்ளையை இணைத்தபடியே வைத்து ரீடிங் எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆகவே கேட் பாதையில் புஷ் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபுல்லி கன்ட்ரோல்டு கன்வெர்ட்டர் கிட்கள் பொதுவாக 230க்கு 24 வோல்ட் ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரோடு வருகின்றன. மாணவர் கைக்கு அதுதான் சரியான வோல்டேஜ். ஆனால் 24 வோல்டில் ஒரு விலை கொடுக்க வேண்டும்: பாதையில் எப்போதும் இரண்டு எஸ்சிஆர்கள் இருப்பதால் 2 முதல் 3 வோல்ட் வரை அவற்றிலேயே போய்விடும். ஃபார்முலாவோடு ஒத்துப்போகவில்லை என்று மாணவர்கள் ரீடிங்கைத் திருத்தி எழுதுவதற்கு முதல் காரணம் இது.

அடுத்த காரணம், எந்த ஃபார்முலா என்பது. உச்ச வோல்டேஜ் 33.9. ஆல்ஃபா 60 டிகிரியில் கரண்ட் தொடர்ந்து ஓடினால் சராசரி 10.8 வோல்ட். வெறும் ரெசிஸ்டர் லோடாக இருந்தால் 16.2 வோல்ட். கிட்டோடு கொடுக்கும் இன்டக்டர் போதுமான அளவு இல்லையென்றால் விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். புத்தகத்தில் ஆர்எல் லோடு என்று போட்டு கரண்ட் தொடர்ந்து ஓடும்போது பொருந்தும் கொசைன் ஃபார்முலாவை மட்டும் கொடுத்திருப்பதால் மாணவர் குழம்பிப்போகிறார். லோடு வோல்டேஜை ஸ்கோப்பில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெளிவாகிவிடும்: அலை சுழியத்துக்குக் கீழே இறங்கி, அடுத்த எஸ்சிஆர் ஃபயர் ஆகும் வரை அங்கேயே இருந்தால் கரண்ட் தொடர்கிறது. நடுவில் சுழியத்தில் படுத்துக் கிடந்தால் கரண்ட் அறுந்துவிட்டது. லோடோடு தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் போட்டுக் கரண்டையே பார்ப்பது இன்னும் நல்லது. அதற்கு ஒரு சாக்கெட்கூட வைக்காத கிட்கள் உண்டு. கொட்டேஷன் நிலையிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஸ்கோப் விஷயத்தில் எல்லாப் பெஞ்சிலும் ஒட்டிவைக்க வேண்டியது இது. ப்ரோபின் கிரவுண்டு கிளிப் எர்த்தோடு இணைந்தது. இரண்டு சேனல்களின் கிளிப்புகளும் ஸ்கோப்புக்குள்ளேயே ஒன்று. முதல் கிளிப்பை ஒரு எஸ்சிஆரின் கேத்தோடிலும் இரண்டாவதை இன்னொன்றின் கேத்தோடிலும் மாட்டினால், நடுவில் உள்ளது முழுவதும் ஸ்கோப் வழியாக ஷார்ட். ஃப்யூஸ் போகும், சில சமயம் ப்ரோபே எரியும். இதைத் தவிர்க்க ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது சில லேப்களில் வழக்கமாகவே இருக்கிறது. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுவதும் சர்க்யூட் வோல்டேஜில் நிற்கும், தொடுபவருக்கு ஷாக். ஒருபோதும் கூடாது. லேபுக்கு இரண்டு டிஃபரன்ஷியல் ப்ரோப் (எர்த்தைச் சாராமல் இரண்டு முனைகளுக்கு நடுவில் அளப்பது) வாங்குங்கள். கிட் ஒன்றைக் குறைத்தாவது வாங்குங்கள்.

ஏசி வோல்டேஜ் கன்ட்ரோலர் கிட் தன்னளவில் சரிதான், அளக்கும் மீட்டரில்தான் தவறு நடக்கிறது. 230 வோல்ட், ஆல்ஃபா 90 டிகிரி, ரெசிஸ்டர் லோடு: ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு) 163 வோல்ட். சராசரியை அளந்து 1.11ஆல் பெருக்கிக் காட்டும் சாதா மல்டிமீட்டர் இதே அலைக்கு 115 காட்டும். மீட்டர் பழுதில்லை, அதன் கணக்கு முழு சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும். எம்ஐ (மூவிங் அயர்ன்) மீட்டரோ ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டரோ வேண்டும். இரண்டு மீட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, ஆல்ஃபாவைக் கூட்டக் கூட்ட வித்தியாசம் வளர்வதை ஒரு டேபிளாக எழுதவைத்தால் இந்தச் சோதனைக்கே புது உயிர் வரும்.

இன்னொன்று. லோடு இணைக்காமல், எஸ்சிஆர் ஆஃபில் இருக்கும்போதே அவுட்புட்டில் மல்டிமீட்டர் 200க்கு மேல் காட்டுகிறது, கிட் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. எஸ்சிஆருக்குக் குறுக்கே, வோல்டேஜ் ஸ்பைக்கை அடக்க இருக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஸ்னப்பர்தான் காரணம். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 230 வோல்டில் 7 மில்லிஆம்பியர் விடும். மீட்டரின் 10 மெகாஓமுக்கு அது தாராளம். ஒரு பல்பை லோடாக மாட்டினால் ரீடிங் விழுந்துவிடும்.

இப்போது சாப்பர். பேனல் கிட்களில் மிகவும் ஏமாற்றம் தருவது இதுதான். பல கிட்களில் ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சி 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், இன்டக்டர் மதிப்பு எங்கும் எழுதியிருக்காது, அதன் கரண்டைப் பார்க்க வழியே இருக்காது. மாணவர் பாட்டைத் திருப்புகிறார், எல்சிடியில் டியூட்டி சைக்கிள் (ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரப் பங்கு, சதவீதத்தில்) ஏறுகிறது, மீட்டரில் வோல்டேஜ் ஏறுகிறது, கிராஃபில் நேர்கோடு. அரை மணி நேரத்தில் சோதனை முடிந்தது. பக் கன்வெர்ட்டரில் (ஸ்டெப் டவுன் சாப்பர்) இன்டக்டர் என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

இந்த வேலைக்குத் திறந்த போர்டு போதும், பார்ட்ஸ் எல்லாம் எளிதில் கிடைப்பவை. பிடபிள்யூஎம்முக்கு (டியூட்டியை மாற்றக்கூடிய பல்ஸ்) டிஎல்494 ஐசி. அதன் 13ஆம் பின்னைக் கிரவுண்டில் கட்டினால் இரண்டு அவுட்புட்டும் சேர்ந்தே வேலை செய்யும்; அதை ரெஃபரன்ஸில் கட்டிவிட்டு டியூட்டி பாதிக்கு மேல் ஏறவில்லை என்று தேடுவது வழக்கமான தவறு. 12 கிலோஓம், 4.7 நானோஃபாரட் போட்டால் 19.5 கிலோஹெர்ட்ஸ் வரும். மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்540என், கேட்டுக்குத் தொடராக 10 ஓம், கேட்–சோர்ஸ் நடுவில் 10 கிலோஓம். டிரைவர் டிஎல்பி250, அதற்குத் தனி 15 வோல்ட் ஐசோலேட்டட் சப்ளை. டிஎல்பி250யின் 8ஆம் பின்னுக்கும் 5ஆம் பின்னுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், கால் நீளம் மொத்தமே 1 சென்டிமீட்டருக்குள். இதைத் தள்ளி வைத்தால் கேட் பல்ஸ் நடுங்கும். அந்த ஐசியின் எல்லை 25 கிலோஹெர்ட்ஸ் என்பதால் ஃப்ரீக்வென்சியை இதற்கு மேல் தூக்க வேண்டாம்.

டிரைவராக ஐஆர்2110 ஐசி போட்டால் ஐசோலேட்டட் சப்ளை வேண்டாமே என்று கேட்பார்கள். கேட்டுக்குச் சப்ளை தரும் அதன் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆக, மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் முனை ஒவ்வொரு சுற்றிலும் கிரவுண்டுக்கு இறங்க வேண்டும். கீழே டையோடு மட்டும் உள்ள பக்கில் லோடு இல்லாதபோது அது இறங்காது, கேட் டிரைவ் செத்துவிடும். டியூட்டி 100ஐ நெருங்கினாலும் அதே கதி. மாணவர் லேபுக்கு டிஎல்பி250தான் நிம்மதி.

டையோடு எம்யூஆர்860 அல்லது ரிகவரி நேரம் 100 நானோசெகண்டுக்குள் உள்ள வேறொன்று. கையில் இருக்கிறதே என்று 1என்4007 போடாதீர்கள். அது ஆஃப் ஆவதற்குள் மாஸ்ஃபெட் ஆன் ஆகி, அந்தக் கணத்தில் சப்ளை நேராக ஷார்ட் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்பைக், இரண்டும் கொதிக்கும். இன்டக்டர் 1 மில்லிஹென்றி, 3 ஆம்பியர் தாங்கும் ஃபெரைட் அல்லது பவுடர் கோர். அவுட்புட் கெப்பாசிட்டர் 470 மைக்ரோஃபாரட், 100 வோல்ட். பிரெட்போர்டில் கட்டவே கூடாது. டாட் போர்டில் தடிமனான கம்பியில், இன்புட் கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட், டையோடு மூன்றும் நெருக்கமாக இருக்கும்படி கட்டுங்கள்.

கரண்ட் பார்க்க 0.1 ஓம், 2 வாட் ஷண்ட் (கரண்டை வோல்டேஜாகக் காட்டும் சிறு ரெசிஸ்டர்). இதை எங்கே வைப்பது என்பதில்தான் போர்டின் பயனே இருக்கிறது. லோடும் அவுட்புட் கெப்பாசிட்டரும் சேரும் நெகட்டிவ் முனைக்கும் டையோடின் ஆனோடுக்கும் நடுவில் வையுங்கள். ஸ்கோப் கிளிப் டையோடு ஆனோடில். முதல் சேனல் ஷண்டின் மறுமுனையில், இரண்டாவது சேனல் ஸ்விட்ச் முனையில் (மாஸ்ஃபெட், டையோடு, இன்டக்டர் சேரும் இடம்). ஒரே கிரவுண்டில் இன்டக்டர் கரண்டும் ஸ்விட்ச் வோல்டேஜும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தெரியும். கரண்ட் சேனலுக்கு ப்ரோபை 1எக்ஸில் வைத்து, 10 மில்லிவோல்ட் டிவிஷனில் பாருங்கள்.

24 வோல்ட் இன்புட், டியூட்டி 50, 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் ரிப்பிள் 0.3 ஆம்பியர், ஷண்டில் 30 மில்லிவோல்ட் முக்கோணம். லோடு 47 ஓம் என்றால் அவுட்புட் 12 வோல்டை ஒட்டி, டையோடு இழப்புக்குக் கொஞ்சம் கீழே. 80 ஓமில் முக்கோணத்தின் அடி சுழியத்தைத் தொடும். 220 ஓமுக்கு மாற்றுங்கள்: டியூட்டியைத் தொடவே இல்லை, ஆனால் அவுட்புட் 16 வோல்டுக்கு ஏறிவிடும். கரண்ட் சுழியத்தில் படுத்த பிறகு ஸ்விட்ச் முனை சுழியத்திலும் இல்லாமல் 24இலும் இல்லாமல் அவுட்புட் வோல்டேஜைச் சுற்றி அலைந்து அடங்கும். டிஸ்கன்டினியூவஸ் மோடு (இன்டக்டர் கரண்ட் நடுவில் அறுந்து நிற்பது) என்று வகுப்பில் ஒரு பீரியட் முழுக்கச் சொன்னது இந்த ஒரே திரையில் வந்துவிடுகிறது. பெட்டிக் கிட்டில் இதைப் பார்க்கவே முடியாது.

அதே பார்ட்ஸை இடம் மாற்றினால் ஸ்டெப் அப், அதாவது பூஸ்ட். ஒரு பெட்டிக்கு ஒரு சர்க்யூட் என்பதைவிட இது எவ்வளவோ மேல். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நெட் மோகன் குழு வடிவமைத்த பவர்-போல் போர்டின் அடிப்படையும் இதுதான்: இரண்டு மாஸ்ஃபெட், இரண்டு டையோடு கொண்ட ஒரே போர்டில் வெளி இணைப்பை மாற்றி மாற்றி பக், பூஸ்ட், பக்-பூஸ்ட் எல்லாம் செய்யலாம்.

பூஸ்டில் கவனிக்க வேண்டியது இன்டக்டரின் கம்பி ரெசிஸ்டன்ஸ். அது 1 ஓம், லோடு 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி 50இல் இரண்டு மடங்குக்குப் பதில் 1.92. 80இல் ஐந்துக்குப் பதில் 4. 90இல் பத்துக்குப் பதில் 5. 95க்குப் போனால் ஏறுவதற்குப் பதில் மறுபடி 4க்கு இறங்கும். ஃபார்முலா கிராஃப் மேலே பறக்க, அளந்த கிராஃப் திரும்பி இறங்குவதை மாணவர் தானே வரைய வேண்டும். ஆனால் இந்த லோடோடு 12 வோல்டில் போகாதீர்கள். டியூட்டி 80இலேயே இன்புட் 2.4 ஆம்பியர் கேட்கும், 90இல் 6 ஆம்பியர். 2 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை கரண்ட் லிமிட்டில் விழுந்து வோல்டேஜை இறக்கிவிடும், ரீடிங் எல்லாம் பொய். இன்புட்டை 3 வோல்டுக்குக் குறைத்தால் 90இலும் 1.5 ஆம்பியரோடு முடியும். அந்த வோல்டேஜில் டையோடு, மாஸ்ஃபெட் இழப்புகளும் கணிசமாகத் தெரியும், அதனால் எண்கள் இன்னும் கீழே வரும். வளைவின் வடிவம் மாறாது.

லோடு கழன்ற பூஸ்டை ஆன் செய்யவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் இன்டக்டர் கெப்பாசிட்டருக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும், வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். முதலில் ஐஆர்எஃப்540என் தாங்கும் 100 வோல்ட் தாண்டும். அவுட்புட்டில் கழற்ற முடியாதபடி 1 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சாலிடர் செய்துவிடுங்கள். 12 வோல்டில் நடத்தும்போது டியூட்டிக்கும் 80இல் ஒரு தடை வையுங்கள்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது வரிசை முக்கியம். பவர் இன்புட்டை இணைக்காமல் கன்ட்ரோல் சப்ளையை மட்டும் போட்டு, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் சுத்தமான சதுர அலை வருகிறதா, டியூட்டி திருப்பினால் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு 5 வோல்ட், கரண்ட் லிமிட் 0.5 ஆம்பியர். அலைகள் சரியென்றால்தான் மேலே ஏற்றுவது. அணைக்கும்போது தலைகீழ்: முதலில் பவர், பிறகு கன்ட்ரோல்.

ஐஜிபிடி இன்வெர்ட்டரை டாட் போர்டில் கட்டச் சொல்ல மாட்டோம். டிசி லிங்க் (ஏசியாக மாறும் முன் உள்ளே இருக்கும் டிசி) 300 வோல்ட், அது மாணவர் கை வைக்கும் இடமில்லை. கிட்டாகவே வாங்குங்கள். ஒரே லெக்கின் (தொடராக உள்ள இரண்டு ஐஜிபிடிகள்) மேல், கீழ் கேட் சிக்னல்கள் இரண்டையும் கன்ட்ரோல் பக்கத்தில் பொதுக் கிரவுண்டோடு வெளியே எடுத்திருக்க வேண்டும், டெட் டைமை (இரண்டும் ஆஃபில் இருக்கும் இடைவெளியை) அளந்து பார்க்க அதுதான் வழி. டிசி லிங்க்கில் கெப்பாசிட்டரைக் காலி செய்யும் பிளீடர் ரெசிஸ்டர் கட்டாயம். 1000 மைக்ரோஃபாரடுக்கு 47 கிலோஓம், 5 வாட் போட்டிருந்தாலும் 300இலிருந்து 50 வோல்டுக்கு இறங்க 84 செகண்ட் ஆகும். அணைத்த உடனே மூடியைத் திறக்கும் பழக்கம் லேபில் இருக்கக்கூடாது.

கிட் எதுவானாலும் ஆர்டரில் எழுத வேண்டியவை: பார்ட் நம்பர்களோடு முழு சர்க்யூட் படம், சாக்கெட்டில் ஐசிகள், வெளியே கழற்றக்கூடிய ஃப்யூஸ், கேட்டுக்கும் கரண்ட் ஷண்டுக்கும் டெஸ்ட் பாயின்ட். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வாரண்டி முடிந்த மறுநாள் ஒரு 2என்2646க்காகப் பெட்டி முழுவதும் அலமாரிக்குப் போய்விடும்.

ஸ்பேர் மாஸ்ஃபெட் வாங்கும்போது ஒரு சோதனை. எங்கே வாங்கினாலும் மார்க் மாற்றிய பார்ட் கலந்து வரலாம். கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, டிரெயினில் கரண்ட் லிமிட் வைத்து 1 ஆம்பியர் ஓடவிடுங்கள். உண்மையான ஐஆர்எஃப்540என் என்றால் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவில், கால்களின் அடியிலேயே அளந்தால், 44 மில்லிவோல்டுக்கு மேல் போகாது. 150, 200 என்று காட்டினால் அந்தப் பாக்கெட்டையே திருப்பிக் கொடுங்கள்.